அன்று சி.டி., இன்று பென் டிரைவ்

2000-ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளம் எனக்குக் கிடைத்த இடம் மதுரை ரயில் நிலையத்து ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை. கணினி இதழ் ஒன்றோடு ஒட்டிய உறைக்குள் ரெட் ஹாட் 6.2 சி.டி. இருந்தது. பெருநகரங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கு லினக்ஸ் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. பி.சி. குவெஸ்ட் போன்ற இதழ்கள் சி.டி.யைச் சேர்த்துக் கொடுத்திராவிட்டால் எங்களில் பலர் அதைக் கண்ணால் பார்ப்பதற்கே இன்னும் சில வருடங்கள் ஆகியிருக்கும். 650 எம்.பி.யைத் தொலைபேசிக் கம்பி வழியே இறக்குவதென்றால், 56 கே மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்த வேகம் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. இணைப்பு அடிக்கடி அறுபடும். டெலிபோன் பில் தனி.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைப் பற்றி முதலில் படித்ததும் அந்த இதழில்தான். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தன் 386 கணினிக்காக ஓர் இயங்குதளத்தைப் பொழுதுபோக்காக எழுதிவருவதாக மினிக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரிடம் அறிவிக்கிறார். அடுத்த ஆண்டு அதை ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் கொண்டுவருகிறார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டம் அதற்குள் கம்பைலர், ஷெல், எடிட்டர் என்று பலவற்றை ஆக்கி வைத்திருந்தது. இயங்குதளத்தின் மையமான, ஓடக்கூடிய கர்னல்தான் அதனிடம் இல்லை. லினஸ் எழுதியது அதைத்தான். இரண்டும் சேர்ந்தன. யாரும் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலநிரலும் அதே உரிமையும் கூடவே போக வேண்டும். எனக்கு அப்போது இருபது வயது. கணினி என்றால் மெனுவில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் பயிற்சி மையத்தில் சொல்லித்தந்திருந்தார்கள். மெனுவையே எழுதியவர்கள் தாங்கள் எழுதியதை என் கையில் கொடுக்கிறார்கள் என்பதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவந்த அப்பா சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு வேலை பாத்துட்டு எதுக்குப்பா சும்மா குடுக்குறாங்க?”

“முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேம்பா.”

வீட்டில் இருந்தது உள்ளூரில் அசெம்பிள் செய்த கணினி. செலரான் பிராசசர், 64 எம்.பி. ரேம், 10 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், அதில் விண்டோஸ் 98. அந்த டிஸ்க்கில் லினக்ஸுக்கு இடம் ஒதுக்குவதுதான் முதல் வேலை. டிஃப்ராக் ஓட்டி ஃபைல்களை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். பிறகு ஃபிளாப்பியில் டாஸைக் கிளப்பி, சி.டி.யிலேயே இருந்த ‘ஃபிப்ஸ்’ நிரலால் பார்ட்டிஷனைப் பிளக்க வேண்டும். கணினியைக் கிளப்பும் ‘லைலோ’வுக்கு அந்நாளில் ஓர் எல்லை இருந்தது. கர்னல் டிஸ்க்கின் 1024-ஆவது சிலிண்டருக்குள், அதாவது சுமார் 8.4 ஜி.பி.க்குள் இருந்தாக வேண்டும். அதைத் தாண்டினால் எழவே எழாது. ஆகவே முன்பக்கத்தில் ‘பூட்’ என்று ஒரு சிறு பார்ட்டிஷன், ரேமைப் போல் இரு மடங்கு ‘ஸ்வாப்’, மிச்சம் முழுவதும் ‘ரூட்’. இதை ஒரு நோட்டில் கட்டம் போட்டு வரைந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சி.டி.யை ஓடவிட்டால் எந்த வகை நிறுவல் என்று கேட்கும். ‘சர்வர்’ என்று தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் துடைத்துவிடும். வீட்டுக் கணக்கு, தங்கையின் படிப்பு, எல்லாமே அந்த ஒரே டிஸ்க்கில் இருந்ததால் ஒவ்வொரு திரையையும் இரண்டு முறை படித்தேன்.

அடுத்து மானிட்டர். அதன் கிடைமட்ட அதிர்வெண் என்ன, செங்குத்து அதிர்வெண் என்ன என்று, லினக்ஸில் திரையை வரையும் எக்ஸ் விண்டோவுக்குச் சொல்ல வேண்டும். தவறான எண் கொடுத்தால் மானிட்டரே பழுதாகலாம் என்ற எச்சரிக்கை வேறு. அந்த எண்கள் மானிட்டரோடு வரும் சிறு கையேட்டில் இருக்கும். அதைக் கடைக்காரரிடம் தேடி வாங்கி வந்தேன். இன்று கணினி வாங்குபவர்கள் தங்கள் திரை எத்தனை கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எலெக்ட்ரான் கற்றை வரி வரியாக ஓடித்தான் எழுத்து உண்டாகிறது என்பதை அந்த எண்களைத் தேடியபோதுதான் புரிந்துகொண்டேன்.

சவுண்டு கார்டை அமைக்க ‘எஸ்.என்.டி.கான்ஃபிக்’ என்றொரு நிரல் ரெட் ஹாட்டில் உண்டு. அமைத்து முடித்ததும், ஒலி வருகிறதா என்று பார்க்க ஒரு சிறு பதிவை ஓட்டிக் காட்டும். அது லினஸ் டோர்வால்ட்ஸின் குரல்: தன் பெயரைச் சொல்லி, தான் லினக்ஸை எப்படி உச்சரிக்கிறேன் என்று அவரே சொல்லும் பதிவு. லினக்ஸில் என் ஸ்பீக்கரிலிருந்து வந்த முதல் ஒலி அதுதான். பயன்படுத்தும் பொருளைச் செய்தவரின் குரல் அந்தப் பொருளுக்குள்ளிருந்தே வருவதை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

மோடம் மட்டும் அசையவில்லை. அந்நாளில் மலிவாக விற்ற உள்மோடம்கள் பலவற்றில் பாதி வேலையை விண்டோஸின் மென்பொருள்தான் செய்யும். அட்டையில் இருந்தது மீதிப் பாதி மட்டும். வின்மோடம் என்று பெயர். லினக்ஸில் அவற்றில் பெரும்பாலானவை வெறும் தகடு. இணையத்துக்குப் போனால் விடை கிடைக்கும். இணையத்துக்குப் போகத்தான் விடை வேண்டும். விண்டோஸுக்குத் திரும்பி, தேடி, கண்டதை ஃபிளாப்பியில் சேமித்து, மறுபடி லினக்ஸைக் கிளப்பி, ஃபிளாப்பியை ‘மவுண்ட்’ செய்து படிக்க வேண்டும். வீட்டு போனை அப்பா பூட்டி வைத்த நாட்களில் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். மணிக்கு முப்பது ரூபாய்.

இந்த இடத்தில்தான் ஓர் அண்ணன் வந்தார். எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றில் லேப் உதவியாளர். சீரியல் போர்ட்டில் செருகும் வெளிமோடம் ஒன்றை, “ஒரு மாசம் வச்சுக்கடா, திருப்பிக் குடுத்துரு” என்று கொடுத்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: “எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி சி.டி.யில இருக்க ‘ஹவ்-டு’வ எல்லாம் படி. அதுலயும் இல்லன்னா வா, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்.” லினக்ஸ் டாக்குமென்டேஷன் புராஜெக்ட் தன்னார்வலர்கள் எழுதிய ‘ஹவ்-டு’ ஆவணங்கள் அந்த சி.டி.யிலேயே இருந்தன. மோடத்துக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று, சவுண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முகப்பிலும் எழுதியவர் பெயர் இருக்கும். இணையம் இல்லாதவன் வீட்டுக்கும் விளக்கம் சேர்ந்தே வர வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். சென்னை போக நேர்ந்த ஒரு மாதம், இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசியதில் பாதி புரியவில்லை. ஆனால் யாரும் யாரையும் ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்கவில்லை. நான் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கப் பழகியது அங்கேதான்.

கரண்டு போவது அன்றாடம். யு.பி.எஸ். வாங்க வசதியில்லை. ரெட் ஹாட் 6.2-ல் இருந்த எக்ஸ்ட்2 ஃபைல் சிஸ்டம், முறையாக மூடாமல் கணினி நின்றுவிட்டால், அடுத்த முறை கிளம்பும்போது டிஸ்க் முழுவதையும் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடும். சேதம் அதிகமென்றால் பாதியில் நின்று, கணினியின் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும், நாமே ‘எஃப்.எஸ்.சி.கே.’ ஓட்ட வேண்டும். சிதறிய துண்டுகளைச் சேர்த்து ‘லாஸ்ட் அண்டு ஃபவுண்ட்’ என்ற கோப்புறையில் போட்டு வைத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து எது எதன் துண்டு என்று பார்த்து எடுப்பேன். 2001-ல் எக்ஸ்ட்3 வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பில் எழுதிக்கொண்டு பிறகு செய்யும் முறை அதில் இருந்ததால், கரண்டு போய் வந்தாலும் சில நொடிகளில் எழுந்துவிடும். எங்கள் ஊர் போன்ற ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடை என்பதை அதை எழுதியவர்கள் அறிந்திருப்பார்களா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

பிற்பாடு என் சாப்பாட்டுக்கு வழிசெய்த படிப்பு இந்த மாதங்களில் நடந்ததுதான். என்றாலும், ‘அந்தக் கஷ்டம்தான் மனிதனை உருவாக்கியது, இன்றைய பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லையே’ என்று என் வயதுக்காரர்கள் பேசும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. அந்தக் கஷ்டத்தைத் தாண்ட முடிந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே கணினி இருந்தவர்கள். இரவு ஒன்பது மணிக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்காதவர்கள். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் படிக்க முடிந்தவர்கள். என்னோடு படித்த பெண்களில் என்னைவிடக் கூர்மையானவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய விடுதிக் கதவு மாலை ஆறு மணிக்கு மூடியது. லினக்ஸ் எல்லோருக்கும் என்று உரிமத்தில் எழுதியிருந்தது. மோடமும் மொழியும் விடுதிக் கதவும் அதை ஒரு சிலருக்கு மட்டுமே கொடுத்தன.

தமிழ் அப்போது இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைத்திருந்தது. இணையத்தில் திஸ்கி எழுத்துருக்கள் புழங்கின. கே.டி.இ. டெஸ்க்டாப்பைத் தமிழாக்கும் வேலையைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்திருந்தார்கள். ஆனால் என் திரையில் யூனிகோடு தமிழைத் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். யூனிகோடில் ‘கெ’ என்பது ககரத்துக்குப் பின் கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கும். அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்கும் பாங்கோ போன்ற நிரல்கள் பதப்பட்டுப் பரவ இன்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. சொந்த மொழி சரியாகத் தெரியாத ஒரு திரையின் முன் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இப்போதைய கதைக்கு வருகிறேன். அக்கா மகள் விருதுநகரில் எம்.எஸ்சி. படிக்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமென்றால் பிராசசர் பழையது, ஏற்காது. கடையில் கேட்டதற்குப் புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக ஓடுகிற கணினி. அக்காவால் உடனே இன்னொன்று வாங்கித்தர முடியாது.

“மாமா, லினக்ஸ் மின்ட்னு ஒண்ணு இருக்காமே, போடலாமா?” என்று கேட்டுவிட்டு, நான் போய்ச் சேர்வதற்குள் அவளே சுமார் மூன்று ஜி.பி. அளவுள்ள ஐ.எஸ்.ஓ. ஃபைலை மொபைல் டேட்டாவில் இறக்கிப் பென் டிரைவில் எழுதியும் வைத்திருந்தாள். செருகிக் கிளப்பியதும் டிஸ்க்கைத் தொடாமலே முழு டெஸ்க்டாப் வந்து நின்றது. நிறுவுவதற்கு முன்பே வைஃபை கிடைக்கிறதா, கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். 2000-ல் முதன்முதலில் வெளிவந்த நாப்பிக்ஸ் மூலம் இந்த வழியைப் பரப்பியவர் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர். அது என் கைக்கு அப்போது வந்திருந்தால் ஃபிப்ஸோடு அந்த இரவுகள் தேவைப்பட்டிருக்காது. மானிட்டர் அதிர்வெண்ணை அவளிடம் யாரும் கேட்கவில்லை. மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்து முடிப்பதற்குள் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. தமிழில் தட்டிப் பார்த்தாள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருந்தன. அவளுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது.

வழியில் எங்காவது சிக்கினால் இப்போது இவர்கள் ஏ.ஐ.யிடம் கேட்கிறார்கள். அது ஒரு கட்டளையைக் கொடுக்கிறது, அப்படியே ஒட்டுகிறார்கள். அவளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: ‘சூடோ’ என்று தொடங்கும் எதையும் ‘மேன்’ என்னும் கையேட்டுப் பக்கத்தில் பார்க்காமல் ஓட்டாதே. அந்தப் பக்கங்கள் அன்றிருந்த மாதிரியே இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கின்றன, இணையம் இல்லாவிட்டாலும்.

தமிழ்நாட்டில் லினக்ஸுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்ததை இவள் தலைமுறை அறியாது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அந்த நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர் வீடுகளுக்குப் போனது. நான் 2000-ல் பட்ட பாடு எதுவுமில்லாமல், தயாராக நிறுவிய லினக்ஸ். எங்கள் தெருவில் அந்தக் கணினி வாங்கிய பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் போனவர்கள் மிகச் சிலர். முதல் ரிப்பேருக்குக் கடைக்குப் போனபோதே பாஸை அழித்துத் தந்துவிட்டார்கள் என்றவர்கள்தான் அதிகம். எனக்கு மோடத்தோடு ஓர் அண்ணன் கிடைத்தார். அந்தப் பிள்ளைகளுக்கு மென்பொருள் கிடைத்தது, சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆசிரியரை முறையாகப் பயிற்றுவித்து அனுப்பியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். கேரளத்தில் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே அதைச் செய்து காட்டினார்கள்.

மின்ட் போட்டு ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து போன். “மாமா, ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானாமே?”

“கர்னல் அதுதாம்மா.”

“அப்ப நான் இத்தனை வருஷமா லினக்ஸ்தான் வச்சிருந்தேனா? அப்புறம் ஏன் போன்ல அவங்களே போட்டு அனுப்புற ஆப்பை என்னால அழிக்க முடியல? லேப்டாப்ல எதை வேணா எடுக்க முடியுதே?”

நான் எதிர்பார்த்திராத கேள்வி. அன்று லினக்ஸ் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர்; ஆனால் ஒவ்வொருவரிடமும் ரூட் பாஸ்வேர்டு இருந்தது, கணினி முழுவதும் அவர் கையில். 2021-ல் கூகுள் சொன்ன கணக்குப்படி ஆண்ட்ராய்டு ஓடும் கருவிகள் 300 கோடி. அவற்றுள் எல்லாம் லினக்ஸ் கர்னல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் ரூட் அனுமதி போனை வாங்கியவரிடம் இல்லை. கர்னலின் மூலநிரலை வெளியிட ஜி.பி.எல். கட்டாயப்படுத்துகிறது, அதை மாற்றி அந்தப் போனிலேயே ஓட்டிப் பார்க்க, பூட்டிய பூட்லோடர் விடுவதில்லை. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2021-ல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரிலும் லினக்ஸ்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்ட ஒன்று, சட்டைப்பையில் இருக்கும் போனில் மட்டும் தன் உரிமையாளருக்குக் கட்டுப்படாமல் இருக்கிறது. நிறுவும் சிரமம் குறைந்ததை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன். என் கவலையெல்லாம் இந்தப் பூட்டைப் பற்றியது. இருபது வயதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த உரிமைதான், அது ஓசையில்லாமல் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் அவளிடம் விளக்கியபோது ஜி.பி.எல். பற்றியும் பேச வேண்டி வந்தது. சும்மா ஏன் கொடுக்கிறார்கள் என்று அவளும் கேட்டாள். அப்பாவுக்கு நான் அப்போது சொன்ன பதில், நாலு பேர் சேர்ந்து வெட்டிய கிணற்றில் நாலு பேரும் தண்ணீர் எடுப்பது மாதிரி என்பது. அப்பா ஒப்புக்கொண்டார், கிணறு வெட்டிய ஊர்க்காரர் அவர். இவளுக்கு அது போதவில்லை. “அப்ப நான் என்ன வெட்டினேன்?” என்றாள்.

மின்ட்டின் மெனுவில் சில வரிகள் தமிழில் வராமல் ஆங்கிலத்திலேயே நிற்பதை அவள் ஏற்கெனவே கவனித்திருந்தாள். அந்த மொழிபெயர்ப்புகள் லாஞ்ச்பேடில் நடப்பதையும், யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிப் பரிந்துரை அனுப்பலாம் என்பதையும் காட்டினேன். அப்டேட் மேலாளரின் வரிகளை இப்போது செய்துகொண்டிருக்கிறாள். அவள் அனுப்பியதில் சிலவற்றை நான் ஏற்கவில்லை, போனில் சண்டை போட்டோம். இரண்டில் அவள் சொன்னதுதான் சரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய விடுதித் தோழிகள் இருவர் பழைய மடிக்கணினிகளோடு வீட்டுக்கு வருகிறார்கள். ஒன்றில் 4 ஜி.பி. ரேம்தான் இருக்கிறது, மின்ட்டின் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நிறுவுவது அவள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.